பாதையைத் துலக்கிய கைகள்
யுத்தகாலத்தில் இராணுவப் பொறியாளர் ஆற்றிய தொண்டு

பாலக்காட்டுக் கணவாயின் கீழ்ப்பகுதியில், தமிழ்நாடும் கேரளமும் ஒன்றையொன்று தொடும் எல்லையில், வேலந்தாவளம் என்னும் ஊர் அமைந்துள்ளது. வடக்கே நீலகிரித் தொடரும் தெற்கே ஆனைமலைத் தொடரும் விலகி நின்று வழிவிட, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள அவ்விடைவெளியில் பழங்காலந்தொட்டு மக்களும் மாட்டுவண்டிகளும் சரக்கும் போய்வந்த வண்ணம் உள்ளன. அவ்வூர்ப் பெயரின் பிற்பகுதியாகிய ‘தாவளம்’ என்னும் சொல்லுக்குத் தங்குமிடம் என்பது பொருள். மலையாளத்தில் அச்சொல் பட்டாளம் பாசறையிட்டுத் தங்கும் இடத்தையும் குறிக்கும். சுதந்திரத்திற்கு முன்னர்ச் சித்தூர்த் தாலுகா கொச்சி சமஸ்தானத்தையும், பாலக்காடும் கோயம்புத்தூரும் சென்னை மாகாணத்தையும் சேர்ந்திருந்தன. ஆட்சி எல்லைகள் எத்தனை முறை மாறினும், தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் அவ்வூரின் வாழ்க்கை மாறவில்லை. கொழிஞ்சாம்பாறைக்கும் சித்தூருக்கும் செல்லும் சாலையும் ஓயவில்லை.

இவ்வாறு நாள்தோறும் நாம் செல்லும் சாலையில் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று நாம் ஒருபோதும் எண்ணுவதில்லை. தரை நம்மைத் தாங்கும், பாலம் நம்மைக் கடத்திவிடும் என்ற உறுதி நமக்கு மூச்சைப்போல் இயல்பாகிவிட்டது. யுத்தம் வந்துவிட்டால் முதலில் அழிவது இந்த உறுதியே. பின்வாங்கும் பகைவன் பாலங்களைத் தகர்க்கிறான், சாலைகளைப் பெயர்க்கிறான், தரைக்கடியில் வெடிகளைப் புதைக்கிறான். அவ்வேளையில் எல்லோருக்கும் முன்னே சென்று, தரையை மீண்டும் நம்பத்தக்கதாக்கும் கடமை ஒரு பிரிவினரைச் சார்கிறது. அவர்களே இராணுவப் பொறியாளர்கள். அன்னாருள் செங்கற்பட்டு மாவட்டத்துக் கீழொட்டிவாக்கம் என்னும் சிற்றூரிற் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் என்பவரின் தொண்டையும், அதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க வேறு இருவரின் தொண்டையும், அவர்கள் கையாண்ட கருவிகளின் விஞ்ஞானத்தையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘சாப்பர்’ என்பவர் யார்?

இராணுவப் பொறியியற் படையின் வீரனைச் ‘சாப்பர்’ என்று அழைப்பது வழக்கம். கோட்டை மதிலை அணுகுவதற்காகத் தோண்டப்படும் அகழைக் குறித்த ஒரு பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இப்பெயர் தோன்றிற்று. முற்காலத்தில் இவ்வீரர் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, அதில் வெடிமருந்தை நிரப்பி, மதிலைத் தகர்ப்பது உண்டு. சுரங்கத்தைக் குறித்த ஆங்கிலச் சொல்லே பின்னர், தரையிற் புதைக்கப்படும் வெடிக்கும் பெயராயிற்று. தமிழிலோ அதற்குக் ‘கண்ணிவெடி’ என்று பெயர் வழங்குகிறது. வேடன் பறவைக்கு வைக்கும் சுருக்கே கண்ணி. தானாகத் தேடிச் சென்று கொல்லாமல், வருவோரின் காலடிக்காகக் காத்துக் கிடக்கும் கருவி இது என்பதைத் தமிழ்ப் பெயரே தெளிவாக உணர்த்திவிடுகிறது.

தென்னாட்டில் இப்படையின் வரலாறு நீண்டது. 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் இரண்டு கம்பெனிகளாக அது தொடங்கப்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெங்களூரில் நிலைபெற்று, சென்னைச் சாப்பர்கள் எனப் புகழ்பெற்று, இன்று சென்னைப் பொறியியற் படைப்பிரிவு என வழங்கி வருகிறது. வடக்கே ரூர்க்கியிலும் மேற்கே புனாவை அடுத்த கர்க்கியிலும் இதற்கு இணையான வங்காளப் பிரிவும் பம்பாய்ப் பிரிவும் உள்ளன. சென்னைப் பிரிவில் தமிழர், மலையாளிகள், தெலுங்கர், கன்னடர் ஆகிய நால்வகையினரும் ஒரே அணியில் நின்றனர். வேலந்தாவளத்துச் சந்தியில் கேட்பதுபோன்ற பலமொழிக் கலப்பை அதன் பாசறைகளிலும் கேட்கலாம். அப்படையினர் அனைவரையும் ‘தம்பி’ என்னும் ஒரே பெயரால் இராணுவம் இன்றும் அழைக்கிறது. தமிழர் வீட்டில் வழங்கும் ஓர் உறவுப்பெயர், மொழி வேற்றுமையைக் கடந்து, ஒரு படைப்பிரிவின் பெயராயிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இப்படையினர் வெறும் உழைப்பாளிகளாக மட்டும் இருந்தாரல்லர். முள்கம்பி வேலியைத் தகர்ப்பதற்காக வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி நீட்டிச் செலுத்தும் கருவியைச் சென்னைச் சாப்பர் படையைச் சேர்ந்த காப்டன் மக்ளின்டாக் 1912-ஆம் ஆண்டில் பெங்களூரில் உருவாக்கினார். ‘பெங்களூர் டார்ப்பீடோ’ என்ற பெயருடன் அது இரண்டு உலக யுத்தங்களிலும் பயன்பட்டது. 1944 ஜூன் மாதத்தில் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய படைகளும் தென்னிந்திய நகரமொன்றின் பெயரைத் தாங்கிய இக்கருவியைக் கொண்டே வேலிகளைப் பிளந்தன.

தரைக்கடியில் மறைந்த மரணம்

இரண்டாம் உலக யுத்தத்தில் கண்ணிவெடிகள் இலட்சக்கணக்கில் புதைக்கப்பட்டன. அவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது வகை வண்டிகளையும் டாங்கிகளையும் தாக்குவதற்கு உரியது. ஜெர்மானியரின் ‘டெல்லர்’ என்னும் கண்ணிவெடி இதற்குச் சான்றாகும். உணவுத்தட்டைப்போல் தட்டையாகவும் வட்டமாகவும் இருந்ததனால் அதற்கு அப்பெயர் வந்தது. அதனுள் ஏறத்தாழ 5½ கிலோகிராம் வெடிமருந்து அடைக்கப்பட்டிருக்கும். சாதாரணமாக ஒரு மனிதன் மிதித்தால் அது வெடிப்பதில்லை. பாரவண்டியின் சக்கரம் ஏறினால் வெடிக்கும்.

இரண்டாவது வகை மனிதனையே குறியாகக் கொண்டது. இவ்வகையில் ஜெர்மானியரின் ‘எஸ்’ கண்ணிவெடி மிகவும் அஞ்சத்தக்கதாயிருந்தது. தரைக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் சிறு முனைகளில் ஏழு கிலோகிராம் அளவு பாரம் பட்டாலே போதும். முதலில் ஒரு சிறு வெடி எழும். ஏறத்தாழ நான்கு விநாடி கழித்து, உள்ளிருக்கும் உருளை தரையினின்று ஒரு மீட்டர் உயரம் துள்ளி எழுந்து, அந்தரத்தில் வெடித்து, முந்நூற்றுக்கு மேற்பட்ட உருக்குக் குண்டுகளை நாற்புறமும் இறைக்கும். மிதித்தவன் மட்டுமன்றிச் சுற்றி நிற்பவர் அனைவரும் அதற்கு இரையாவர். மண்ணுக்குள்ளேயே வெடித்தால் அதன் வேகத்தின் பெரும்பகுதியை மண் உறிஞ்சிக்கொள்ளும் என்பதனாலேயே அதை மேலே எழும்பி வெடிக்குமாறு அமைத்தனர். வெடியின்மேல் ஏதேனும் ஒரு தடை அழுத்திக் கிடந்தால் குண்டுகள் பரவுவது தடைப்படும் என்பதும் அதே இயல்நூல் உண்மையின் மறுபக்கமாகும். இவ்வுண்மையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கருவியின்றி ஐம்பத்தைந்து மைல்

1941-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியப் படைகள் சூடானிலிருந்து அபிசீனியாவிற்குள் புகுந்து, இத்தாலியப் படைகளைத் துரத்திச் சென்றன. மெட்டெம்மா என்னும் எல்லையூர் கைப்பற்றப்பட்டபின், பின்வாங்கிய பகைவர் வழியெங்கும் கண்ணிவெடிகளைப் புதைத்துச் சென்றனர். பம்பாய்ச் சாப்பர் படையின் 21-ஆவது களக் கம்பெனியைச் சேர்ந்த இரண்டாம் லெப்டினண்டு பிரேமிந்திர சிங் பகத் என்பவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. துரத்திச் செல்லும் படையின் முதல் வண்டியில் அமர்ந்து பாதையைத் துலக்குவது அவர் பொறுப்பாயிற்று.

பிற்காலத்தில் புகழ்பெற்ற மின்கருவி அந்நாளில் போர்க்களத்திற்கு வந்திருக்கவில்லை. புதிதாகக் கிளறப்பட்ட மண்ணின் நிறமாற்றம், வாடிய புல், சக்கரத் தடம் திடீரென்று விலகிச் சென்றிருக்கும் இடம் ஆகிய இத்தகைய அடையாளங்களே அக்காலச் சாப்பருக்கு வழிகாட்டின. காலை விடிந்தது முதல் மாலை இருள்வது வரை நான்கு நாட்கள், 55 மைல் தொலைவில், பதினைந்து கண்ணிவெடிக் களங்களைப் பகத் கண்டுபிடித்து அகற்றுவித்தார். இருமுறை அவர் சென்ற வண்டியே வெடியில் சிக்கிச் சிதைந்தது, உடனிருந்தோர் சேதமுற்றனர். ஒருமுறை பகைவர் பதுங்கியிருந்து அண்மையிலிருந்து சுட்டனர். ஒரு காதின் செவிப்பறை கிழிந்தது. களைத்துச் சோர்ந்த அவரை மாற்றி வேறொருவரை அனுப்ப மேலதிகாரிகள் முன்வந்தபோது அவர் இணங்கவில்லை. இதுவரை பெற்ற அனுபவத்தால் இப்பணிக்குத் தாமே தகுதி மிக்கவர் என்பது அவர் கூறிய காரணம். இத்தொண்டிற்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது வழங்கப்பட்டது.

அவர் கூறிய காரணத்தை வீரம் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவது எளிது. ஆனால் அதில் ஒரு பொறியாளனின் கணக்கும் அடங்கியுள்ளது. பதினைந்து களங்களைக் கண்ட கண்ணுக்குப் பதினாறாவது களம் எளிதில் புலப்படும். புதியவர் ஒருவர் அப்பாடத்தை முதலிலிருந்து கற்க வேண்டும். அதற்கு விலை மனித உயிர். பகத் பின்னர் லெப்டினண்டு ஜெனரல் பதவி வரை உயர்ந்தார். ஓய்வு பெற்றபின் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷனின் தலைவராகப் பணியாற்றி, 1975-ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஒலியால் உணர்த்தும் கருவி

கண்ணிவெடியைக் கண்டறியும் முயற்சியில் விஞ்ஞானம் அளித்த பெருந்துணை, போலந்து நாட்டுப் பொறியாளரான லெப்டினண்டு யூசெஃப் கொசாக்கி உருவாக்கிய கருவியாகும். தாய்நாடு பகைவர் வசப்பட்டபின் ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படையில் அவர் பணியாற்றினார். தம் கண்டுபிடிப்பிற்கு அவர் உரிமைப்பணம் எதுவும் பெறாமல் அதை நேசப்படைகளுக்கு அளித்துவிட்டார்.

அதன் தத்துவம் எளியது. நீண்ட மூங்கிற்கழி போன்ற பிடியின் நுனியில் தட்டையான ஒரு தலைப்பகுதி இருக்கும். அதில் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் செலுத்தப்படும். மற்றொன்று காதில் அணியும் ஒலிக்கருவியோடு இணைக்கப்பட்டிருக்கும். அருகில் உலோகம் இல்லாதபோது இரண்டும் சமநிலையில் இருக்கும். உலோகப் பொருளின்மீது தலைப்பகுதி செல்லும்போது அவ்வுலோகத்தில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, சுருள்களின் காந்தப்புலம் குலைந்து, காதில் ஒலி மாறிக் கேட்கும். எடை 14 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒருவரே சுமந்து இயக்கலாம். 1942 அக்டோபரில் எகிப்தின் எல் அலமேன் போரில் ஏறத்தாழ 500 கருவிகள் பயன்பட்டன. ஒரு மணி நேரத்தில் 100 சதுர மீட்டர் துலக்கிய குழு, இக்கருவியின் துணையால் 200 சதுர மீட்டர் துலக்கிற்று.

எனினும் கருவிக்கும் எல்லை உண்டு. போர் நடந்த நிலமெங்கும் குண்டுச் சிதறல்கள் கிடக்கும். ஒவ்வொரு இரும்புத் துண்டுக்கும் கருவி ஒலி எழுப்பும். எது வெடி, எது வெற்று இரும்பு என்று அது பிரித்துச் சொல்லாது. மேலும், இக்கருவியை ஏமாற்றும் பொருட்டு ஜெர்மானியர் மரப்பெட்டிக்குள் வெடிமருந்தை வைத்துப் புதைக்கலாயினர். அவற்றில் உலோகம் மிகச் சிறிதளவே இருந்தது. ஆகவே ஒலி கேட்ட இடத்திலும், ஐயம் எழுந்த இடத்திலும், சாப்பர் முழந்தாளிட்டு அல்லது குப்புறப் படுத்து, துப்பாக்கிச் சனியனையோ நீண்ட ஊசியையோ சாய்வாகச் செலுத்தித் தரையை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. செங்குத்தாகக் குத்தினால் கண்ணிவெடியின் தலையில் பட்டு வெடித்துவிடும்; சாய்வாகக் குத்தினால் அதன் பக்கவாட்டில் தட்டும். வெடி தென்பட்டால் சுற்றியுள்ள மண்ணை விரல்களால் விலக்கி, அதனடியில் வேறு பொறி மறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே அகற்ற வேண்டும். துலக்கிய பாதையின் இருபுறமும் வெள்ளை நாடா கட்டப்படும். அந்நாடாக்களுக்கு இடையேயுள்ள நிலம் மட்டுமே மனிதனுக்கு உரியது. அப்பால் உள்ளது மரணத்திற்கு உரியது.

மிஞ்ஞானோவில் நிகழ்ந்தது

1943-ஆம் ஆண்டின் இறுதியில் நேசப்படைகள் இத்தாலியின் தென்பகுதியிலிருந்து ரோமாபுரியை நோக்கி முன்னேறின. வழியில் மலைகள் நெருங்கி நிற்கும் மிஞ்ஞானோ என்னும் ஊர் உள்ளது. நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் அவ்விடுக்கின் வழியாகவே செல்ல வேண்டும். நம் பாலக்காட்டுக் கணவாயைப்போல் அது ஓர் இயற்கை வாயில். ஆனால் மிகக் குறுகியது. குளிர்காலத்தில் அவ்வாயிலைக் காக்க ஜெர்மானியர் கடும் போர் புரிந்தனர். அதன் வடக்கே இருந்த காசினோ மலைமடத்தைச் சுற்றி நான்கு மாதங்கள் நடந்த பெரும்போர் 1944 மே 18-ஆம் தேதியன்றே முடிவுற்றது. இந்தியாவின் 4-ஆவது டிவிஷன் அப்போரில் பங்கு கொண்டது. அதன் பொறியாளர்கள் மழையிலும் பனியிலும் மலைச்சரிவில் கழுதைப் பாதைகளை வண்டிப் பாதைகளாக அகலப்படுத்தினர்.

அந்த டிவிஷனின் பொறியாளருள் சென்னைச் சாப்பர் படையின் 11-ஆவது களப் பண்டகக் கம்பெனியும் ஒன்று. பாலத்தளவாடங்கள், இயந்திரங்கள், பட்டறை ஆகியவற்றைப் பராமரித்து, முன்னணிக் கம்பெனிகளுக்கு வேண்டியவற்றை அளிப்பது இத்தகைய கம்பெனியின் கடமை. சுப்பிரமணியன் அதில் சுபேதாராக இருந்தார். இந்திய வீரர் ஒருவர் சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கிப் பல ஆண்டு உழைப்பினால் எய்தக்கூடிய பொறுப்பு வாய்ந்த பதவி அது. தம் மொழியும் வழக்கமும் அறிந்த இளைஞர்களுக்கு அவரே ஆசிரியர், அவரே மூத்தவர். அதிகாரியின் கட்டளையை அவர்களுக்கு எடுத்துரைப்பவரும், அவர்களின் குறையை அதிகாரியிடம் சொல்பவரும் அவரே.

1944-ஆம் ஆண்டின் முற்பகுதியில் மிஞ்ஞானோவில் சுப்பிரமணியனும் அவருடைய ஆட்களும் கண்ணிவெடி அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்தனர். அப்போது ஒரு கண்ணிவெடி இயங்கத் தொடங்கிவிட்டது. அதனருகே அவருடைய தோழர்கள் நின்றனர். ஓடுவதற்கோ தரையில் படுப்பதற்கோ அவர்களுக்கு நேரமில்லை. சுப்பிரமணியன் அந்த வெடியின்மேல் தம் உடலைக் கிடத்தி மூடிக்கொண்டார். வெடியின் வேகம் முழுவதையும் அவர் உடல் ஏற்றது. அவர் உயிர் நீத்தார், தோழர்கள் காக்கப்பட்டனர்.

வெடியின்மேல் ஒரு தடை அழுத்திக் கிடந்தால் அதன் சிதறல் பரவாது என்று முன்னர்க் கூறினோம். அவ்வுண்மையை நாம் ஏட்டில் படிக்கிறோம். சுப்பிரமணியன் அதை அறிந்திருந்தார். தம் மாணாக்கருக்குக் கற்பித்துமிருப்பார். கண்ணிவெடியின் இயல்பை அறியாதவனுக்குத் தப்பியோட வேண்டும் என்ற எண்ணமே தோன்றும். அதை நன்கு அறிந்தவனுக்கே அந்த விநாடியில் என்ன செய்தால் மற்றவர் பிழைப்பர் என்பது தெரியும். கருவி முடிந்த இடத்தில், கை முடிந்த இடத்தில், எஞ்சியிருந்த ஒரே தடையாகிய தம் உடலை அவர் பயன்படுத்தினார்.

1944 ஜூன் 30-ஆம் தேதி அரசிதழில் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அறிவிக்கப்பெற்றது. பகைவரை நேர்நின்று தாக்கும் வேளையில் காட்டும் வீரத்திற்கு விக்டோரியா கிராஸ் உரியதுபோல, பிறர் உயிரைக் காக்கக் காட்டும் தலைசிறந்த துணிவிற்கு இவ்விருது உரியது. 1940-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இதைப் பெற்ற இந்தியருள் முதல்வர் என்று சுபேதார் சுப்பிரமணியன் குறிக்கப்பெறுகிறார். அவர் எவரையும் வீழ்த்தியதற்காக அவ்விருதைப் பெறவில்லை என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

டாங்கியின் அடியில் ஒரு பொறியாளர்

சுதந்திரம் பெற்றபின்னும் இத்தொண்டு தொடர்ந்தது. 1948-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜம்மு பகுதியில் நவ்ஷேராவிலிருந்து ரஜௌரிக்குச் செல்லும் மலைச்சாலையைத் திறக்கவேண்டிய அவசரம் நேர்ந்தது. ரஜௌரி மக்கள் பெருந்துன்பத்தில் இருந்தனர். டாங்கிகள் செல்ல முடியாதவாறு சாலையெங்கும் மரங்களும் பாறைகளும் கண்ணிவெடிகளும் இடப்பட்டிருந்தன. பம்பாய்ப் பிரிவின் 37-ஆவது கம்பெனியைச் சேர்ந்த இரண்டாம் லெப்டினண்டு ராம ராகோபா ராணே தம் ஆட்களுடன் அப்பணியை ஏற்றார். கன்னட நாட்டுக் கார்வார்ப் பகுதியிற் பிறந்த அவர், உலக யுத்தத்தின்போது பர்மாவில் பணிபுரிந்து பழகியவர்.

ஏப்ரல் 8-ஆம் தேதி பகைவரின் குண்டுவீச்சில் அவருடைய ஆட்களில் இருவர் மாண்டனர், ராணேயும் காயமுற்றார். அன்று மாலையே அவர் மீண்டும் பணியில் இறங்கினார். பகைவர் சுட்டுக்கொண்டிருந்த இடத்தில், நகரும் டாங்கியின் அடியில் ஊர்ந்து, கயிற்றின் மூலம் ஓட்டுநருக்குக் குறிப்புக் காட்டி, அவர் வழியைத் துலக்கினார். ஏப்ரல் 11 வரை, உறக்கமும் ஓய்வும் மிகக் குறைவாக, சாலை அடி அடியாகத் திறக்கப்பட்டது. மறுநாள் இந்தியப் படை ரஜௌரியை அடைந்தது. அவருக்குப் பரம வீர சக்கரம் அளிக்கப்பெற்றது. மேஜராக உயர்ந்து 1968-இல் ஓய்வு பெற்ற அவர், 1994-இல் மறைந்தார்.

பகத், சுப்பிரமணியன், ராணே ஆகிய மூவரும் வெவ்வேறு மாகாணத்தார்; வெவ்வேறு மொழியினர்; வெவ்வேறு களங்களில் நின்றவர். ஆயினும் மூவரின் வேலையும் ஒன்றே. மற்றவர் கால் வைக்கவேண்டிய இடத்தில் முதலில் தம் காலை வைப்பதே அது.

பாலம் என்னும் மறு கருவி

வெடியை அகற்றினால் மட்டும் வழி பிறந்துவிடாது. தகர்ந்த பாலத்திற்கு ஈடாக வேறொரு பாலம் வேண்டும். இத்தாலியின் எண்ணற்ற ஆறுகளை நேசப்படைகள் கடந்தது, ஆங்கிலப் பொறியாளர் டானல்டு பெய்லி வகுத்த உருக்குப் பாலத்தினால் ஆகும். பத்தடி நீளமுள்ள ஒரேமாதிரியான சட்டங்களை ஊசிகளால் இணைத்து, உருளைகளின்மேல் தள்ளி, எதிர்க்கரைக்கு நீட்டிவிடலாம். பளுதூக்கும் இயந்திரம் தேவையில்லை. ஒரு சட்டத்தை ஆறு பேர் தூக்கிவிடலாம். பாரம் மிகுதியாக வேண்டுமாயின் சட்டங்களை இரட்டித்தோ அடுக்கியோ வலுவூட்டலாம். யுத்தத்திற்கெனப் பிறந்த கருவிகளுள் சமாதானத்திற்கு இவ்வளவு பயன்பட்டது அரிது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் நேர்ந்த பெரும் நிலச்சரிவில், சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் இடையே இருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டு, மீட்புப் பணி தடைப்பட்டது. பெங்களூரிலிருந்து சென்ற சென்னைப் பொறியியற் படைப்பிரிவினர் இரவு பகலாக உழைத்து, 190 அடி நீளமுள்ள பெய்லி பாலத்தை ஆகஸ்டு 1-ஆம் தேதி மாலைக்குள் அமைத்து முடித்தனர். 24 டன் பாரத்தைத் தாங்கவல்ல அப்பாலத்தின்மேல் மண்வாரி இயந்திரங்களும் நோயாளிகளை ஏற்றிய வண்டிகளும் சென்றன. அப்பணியில் முன்னின்றவருள் மேஜர் சீதா ஷெல்கே என்னும் பெண் அதிகாரியும் ஒருவர். எண்பது ஆண்டுகளுக்கு முன் இத்தாலிய ஆறுகளின்மேல் தம்பிகள் இணைத்த அதே வகைச் சட்டங்களே கேரள மலையாற்றின்மேலும் இணைக்கப்பட்டன.

யுத்தம் முடிந்தும் முடியாத வேலை

துப்பாக்கியை ஏந்தியவன் சமாதானம் கையெழுத்தானதும் அதைக் கீழே வைத்துவிடுகிறான். புதைக்கப்பட்ட கண்ணிவெடிக்கோ சமாதானம் ஆயிற்று என்று சொல்வார் எவருமில்லை. அது ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்து, உழவனையும் விறகு பொறுக்கும் பெண்ணையும் விளையாடும் சிறுவனையும் அழிக்கிறது. நம் அண்டை நாடாகிய இலங்கையின் வட மாகாணத்தில் 2009-இல் போர் முடிந்தபின்னும், முகமாலை முதலிய இடங்களில் மக்கள் தம் சொந்த நிலத்திற்குத் திரும்ப இயலாமல் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. அங்கே வெடி அகற்றும் பணியில் தமிழ்ப் பெண்கள் பலரும் ஈடுபட்டனர். போரில் குடும்பத்தின் துணையை இழந்தோரும் அவருள் உண்டு. முகக்கவசம் அணிந்து, முழந்தாளிட்டு, மண்ணைச் சிறுகச் சிறுகச் சுரண்டி எடுக்கும் அவர்களின் வேலைமுறை, 1944-இல் மிஞ்ஞானோவில் நடந்த வேலைமுறையினின்று பெரிதும் வேறுபட்டதன்று.

மனிதரைக் கொல்லும் கண்ணிவெடிகளை அறவே விலக்கும் உடன்படிக்கை 1997-இல் கானடாவின் ஓட்டாவா நகரில் கையெழுத்தாகி, 1999-இல் நடைமுறைக்கு வந்தது. 150-க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. இலங்கை 2017-இல் அதில் சேர்ந்தது. விஞ்ஞானமும் ஓய்ந்திருக்கவில்லை. மண்ணுக்குள் வானொலி அலைகளைச் செலுத்தி, எதிரொலியால் உலோகமற்ற வெடிகளையும் காட்டும் கருவிகள் வந்துள்ளன. வெடிமருந்தின் மணத்தை உணரப் பழக்கிய நாய்களும், ஆப்பிரிக்கப் பெருச்சாளிகளும் பயன்படுகின்றன. பெருச்சாளியின் எடை குறைவாதலால் அது நடந்தாலும் வெடி இயங்குவதில்லை. ஆயினும் இறுதியில் வெடியைக் கையால் தொட்டு அகற்றவேண்டியவன் மனிதனே. ஒரு வெடியைப் புதைக்கச் சில நிமிடங்களே போதும். அதைத் தேடி அகற்றப் பல மணி நேரமும், பயிற்சி பெற்ற ஒருவரின் உயிரைப் பணயம் வைத்த உழைப்பும் வேண்டும்.

சுவடில்லாத தொண்டு

அரண் கட்டியவனின் பெருமையை அரண் சொல்லும். வெற்றி பெற்ற தளபதியின் பெயரைச் சாசனம் சொல்லும். பாதையைத் துலக்கியவனின் பெருமையைச் சொல்ல எதுவும் எஞ்சுவதில்லை. அவன் வேலை செவ்வனே முடிந்தால், அந்நிலம் மற்ற நிலத்தைப்போலவே தோன்றும். அதன்மேல் வண்டிகள் செல்லும், ஆடுகள் மேயும், இங்கே ஒருகாலத்தில் ஆபத்து இருந்தது என்பதையே யாவரும் மறந்துவிடுவர். அம்மறதியே அவன் வெற்றிக்கு அடையாளம். ஆதலின் அத்தகையோரின் பெயர்களை நாமே முயன்று நினைவிற் கொள்ள வேண்டியிருக்கிறது. பள்ளி மாணவர்கள் விஞ்ஞானிகளின் வரலாற்றோடு, விஞ்ஞானத்தைக் கையில் ஏந்தி முன்னே நடந்த இவர்களின் வரலாற்றையும் கற்பார்களாயின் நலம் பயக்கும்.

மாலை நேரத்தில் வேலந்தாவளத்து எல்லையில் சுமைவண்டிகள் வரிசையாகச் செல்கின்றன. பள்ளி முடிந்த பிள்ளைகள் சாலையோரத்து மண்ணில் ஓடி விளையாடுகின்றனர். காலடியில் என்ன இருக்கிறது என்று அவர்கள் குனிந்து பார்ப்பதில்லை. உலகில் எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறு ஓடியாடும் நாள் வரவேண்டும் என்பதே, தன் ஊர் மண்ணுக்கு வெகுதொலைவில் அயலார் மண்ணின்மேல் விழுந்து கிடந்த அந்தச் செங்கற்பட்டுச் சுபேதாரின் தொண்டுக்கு நாம் செலுத்தக்கூடிய தக்க நன்றியாகும்.